கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். கணினி தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பெயர் தேடுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

"பாட்டி, உங்க பேரு சிஸ்டத்துல இல்லை."

எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் என்றைக்காவது ஒருநாள் காதில் விழுகிற வாக்கியம் இது. உதவித்தொகை கேட்டு வந்தவர், பழைய சான்றிதழ் நகல் கேட்டு வந்தவர், சங்கத்தில் முப்பது வருடம் சந்தா கட்டியவர் என்று யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிவிடலாம். சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. மனிதன் "இல்லை" என்றால் எதிர்த்துக் கேட்பவர்கள்கூட, கணினி "இல்லை" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். "உங்கள் பெயர் இல்லை" என்று சொல்லும் உரிமை அந்த நாற்காலியில் இருக்கும் யாருக்கும் கிடையாது. "நான் தேடிய விதத்தில் கிடைக்கவில்லை" என்று மட்டும்தான் அவர் சொல்ல முடியும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதருடைய ஆறு மாத அலைச்சல் இருக்கிறது.

மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதன் உள்விவகாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தகவல் தளத்திடம் கேள்வி கேட்கும் மொழிக்கு எஸ்.கியூ.எல் என்று பெயர். 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். 1986-இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆகிவிட்டது. அதில் பெயரின் ஒரு பகுதி மட்டும் தெரிந்தால் தேடுவதற்கு 'லைக்' என்று ஒரு சொல் உண்டு. முகநூல் லைக் இல்லை. "இதைப் போல" என்று பொருள். அதோடு இரண்டு குறிகள் சேர்ந்து வரும். % என்றால் இந்த இடத்தில் எதுவும் வரலாம், எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அடிக்கோடு _ என்றால் இந்த இடத்தில் ஏதோ ஒரே ஒரு எழுத்து. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே பீரியடில் நடத்திவிடலாம். அவ்வளவு எளிது. எளிதாகத் தெரிவதால்தான் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். கோமதி. சங்கரன்கோவில் பக்கம் இந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. அம்மன் பெயர்.

தேடுகிறவர் 'கோமதி%' என்று தேடுகிறார். அதாவது "கோமதி என்று தொடங்கும் பெயர்கள்". பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறது? "மு. கோமதி". நம் ஊரில் இனிஷியல் முன்னால்தானே வரும்? ஆகவே அந்தப் பெயர் "மு" என்று தொடங்குகிறது. கணினி உண்மையைத்தான் சொல்கிறது: கோமதி என்று தொடங்கும் பெயர் இல்லை. கவுன்ட்டரில் இருப்பவர் அதை மொழிபெயர்த்துச் சொல்கிறார்: "உங்க பேரு இல்லை." கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் வேறொன்று.

சரி என்று '%கோமதி%' என்று இரண்டு பக்கமும் % போட்டால்? மு. கோமதி கிடைப்பார். கூடவே கோமதிநாயகம் அண்ணாச்சியும் வருவார், கோமதியம்மாளும் வருவார், கோமதிசங்கரும் வருவார். இதில் தப்பில்லை. வந்த பட்டியலை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத் தகப்பனார் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பிரிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் முதல் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இது வரைக்கும் எந்த மொழிக்கும் பொதுவான சிக்கல். இனிமேல் சொல்லப்போவது நம் தமிழுக்கே உரியது.

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். த, மி, ழ். கணினியைக் கேளுங்கள், ஐந்து என்று சொல்லும். யூனிகோட் முறையில் 'மி' என்பது 'ம' ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் குறி ஒன்று என இரண்டு. 'ழ்' என்பது 'ழ' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. ஆகவே மூன்றெழுத்துச் சொல்லைத் தேடலாம் என்று மூன்று அடிக்கோடு போட்டால் "தமிழ்" வராது. ஐந்து போட்டால்தான் வரும். நம்முடைய இலக்கணத்தில் உயிர்மெய் ஓர் எழுத்து. யூனிகோடில் அது பெரும்பாலும் இரண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் தமிழ்ப் பெயர்களுக்குத் தேடல் எழுதுகிறவர், முழக்கோல் என்று நினைத்துக்கொண்டு அடிக்கோலால் அளக்கிறார்.

இதே காரணத்தால் 'க%' என்று தேடினால் கமலா மட்டும் வரமாட்டார். கிருஷ்ணனும் குமாரும் காளியப்பனும் சேர்ந்து வருவார்கள். 'கி', 'கு', 'கா' எல்லாமே உள்ளுக்குள் 'க' என்றுதான் தொடங்குகின்றன. பெயர் 'ம்' என்று முடிந்தால், '%ம' என்ற தேடலில் அது விழாது, ஏனென்றால் கடைசியில் நிற்பது ம இல்லை, புள்ளி.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். "சிறப்பு" என்று உரக்கச் சொன்னால் அதற்குள் "இறப்பு" ஒளிந்திருப்பது காதுக்குக் கேட்கும். தமிழ் எழுத்தில் தேடினால் கணினிக்கு அது தெரியாது, காரணம் 'சி'யில் இருப்பது இகரக் குறிதான், 'இ' என்ற எழுத்து இல்லை. ஆனால் அதே இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தால், சிறப்பு உதவி பெற்றவர்கள் எல்லோரும் இறப்புப் பட்டியலில் வந்து நிற்பார்கள்!

இப்போது மறுபடி கோமதிக்கு வாருங்கள். 'கோ' என்ற எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தோம்? இரட்டைக்கொம்பு, க, துணைக்கால். யூனிகோடில் இதை இரண்டு விதமாக வைக்கலாம். 'க'வுக்கு அடுத்து ஓகாரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது 'க'வுக்கு அடுத்து இரட்டைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. அச்சிட்டாலும் தெரியாது. ஆனால் ஒன்றில் கோமதிக்கு ஐந்து குறியீடு, மற்றதில் ஆறு. லைக் ஒவ்வொரு குறியீடாக ஒப்பிட்டுக்கொண்டே போகிற சாதனம். ஐந்து குறியீட்டுக் கோமதியைத் தேடினால் ஆறு குறியீட்டுக் கோமதி கிடைக்கமாட்டார்.

கவுன்ட்டருக்கு வெளியே கோமதி பாட்டி நிற்கிறார். உள்ளே திரையில் கோமதி என்ற பெயரும் இருக்கிறது. தேடல் பெட்டியிலும் கோமதி என்றே அடித்திருக்கிறது. மூன்றும் ஒன்றுதான். ஆனால் பதில், "இல்லை".

இது எப்படி உள்ளே வந்தது? பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிய ஏதோ ஒரு மென்பொருள் பிரித்து வைத்திருக்கும். புதிதாக அடித்தவருடைய விசைப்பலகை சேர்த்து வைத்திருக்கும். ஒரே பட்டியலில் இரண்டும் கலந்து கிடக்கும். இதற்கு மருந்து உண்டு. சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு இயல்பாக்கம் என்று பெயர், என்.எஃப்.சி என்ற வடிவம் பிரிந்திருக்கும் கொம்பையும் காலையும் ஒன்று சேர்த்துவிடும். 2020-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13-இல் தகவல் தளத்துக்குள்ளேயே இதைச் செய்யும் வசதி வந்துவிட்டது. மற்றவற்றில் நிரல் எழுதுகிற மொழியிலேயே ஒரு வரியில் செய்துகொள்ளலாம்.

ஆனால் அந்த மருந்துக்கும் கேட்காத நோய் ஒன்று இருக்கிறது. கௌரி, கெளரி. இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவது ஔகாரக் குறி போட்டது. இரண்டாவது ஒற்றைக்கொம்பு போட்ட 'கெ'வுக்குப் பக்கத்தில் 'ள' என்ற முழு எழுத்தை வைத்தது. அதை "கெ-ள-ரி" என்றுதான் படிக்க வேண்டும். தட்டச்சுப் பழக்கத்தில் வந்தவர்களுக்குக் கொம்பு, எழுத்து, ள என்று அடிப்பதே கைவழக்கம். ஔவையார் என்பதை ஒளவையார் என்று அடிப்பதும் அப்படித்தான். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள், எந்த இயல்பாக்கமும் இவற்றைச் சேர்க்காது. ஸ்ரீயிலும் இதே கதை. 'ஸ'வில் தொடங்கியும் அடிக்கலாம்; 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஸ்ரீதேவி, ஸ்ரீனிவாசன், ஸ்ரீரங்கம் எல்லோருக்கும் இந்தக் கண்டம் உண்டு.

இதற்கெல்லாம் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டுத்தான் விதி எழுத வேண்டும். "கெள" என்று பெயரின் தொடக்கத்தில் வந்தால் "கௌ" ஆக இருக்கலாமா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கோ வெளியூரில் உட்கார்ந்து மென்பொருள் செய்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? தெரியாததற்காக அவரைக் குறை சொல்லவில்லை. தமிழ் தெரிந்த நாம் சொல்லாமல் இருக்கிறோமே, அதுதான் குறை.

அடுத்து, கண்ணுக்கே தெரியாத சங்கதி. வாட்ஸப்பிலிருந்தும் பி.டி.எஃப். கோப்பிலிருந்தும் பெயரை நகல் எடுத்து ஒட்டும்போது பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். சில சமயம் அகலமே இல்லாத இணைப்பான் குறி ஒன்று நடுவில் புகுந்துவிடும். மைஎஸ்கியூஎல்லின் பழைய ஒப்பீட்டு முறைகளில் சமக்குறி போட்டுத் தேடினால் கடைசி இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதே பெயரை லைக் போட்டுத் தேடினால் விடாது. "நேத்து கிடைச்சுது சார், இன்னைக்குக் கிடைக்கலை" என்று பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த மாதிரி இடங்களில்தான்.

இனி, இருப்பதிலேயே பொல்லாத ஒன்று.

என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நலச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறான். பெயரெல்லாம் வேண்டாம். போன வருடம் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "சார், உயிரோட இருக்கிற ஆளுங்க பட்டியல் எடுத்தா பாதிப் பேரைக் காணோம். ஆனா அவங்க இறந்துட்டாங்கன்னும் பதிவு இல்லை. எங்க போனாங்கன்னே தெரியலை." அவனுக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போன தேடல் அது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் "இறப்பு" என்ற சொல் இல்லாதவர்களை எடு என்று 'நாட் லைக்' போட்டு எழுதியிருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அந்தக் கட்டத்தில் பலருக்கு ஒன்றுமே எழுதவில்லை. எழுதாத கட்டத்துக்குத் தகவல் தளத்தில் 'நல்' என்று பெயர். பெயர்தான் நல், வேலை பொல்லாதது. "நல்லில் இறப்பு என்ற சொல் இருக்கிறதா?" என்று கேட்டால், இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. "தெரியாது" என்று சொல்லும். தெரியாது என்ற பதில் வந்த வரியை எஸ்.கியூ.எல் பட்டியலில் சேர்க்காது. ஆகவே யாரைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லையோ, எந்த வம்புக்கும் போகாமல் ஒழுங்காகச் சந்தா கட்டி வந்தாரோ, அவரே பட்டியலிலிருந்து காணாமல் போனார்.

இன்னொரு கொடுமையும் அதில் இருந்தது. சிலருடைய குறிப்பில் "கணவர் இறப்பு" என்று எழுதியிருந்தது. கணவர் இறந்ததால் எந்த உதவி கிடைக்க வேண்டுமோ, அந்தச் சொல்லே அந்தப் பெண்களையும் இறந்தவர்களாக்கி வெளியே தள்ளிவிட்டது.

சரிசெய்ய அவனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அல்லது குறிப்பு காலியாக இருந்தால்" என்று ஒரு நிபந்தனை சேர்த்தான். கணவர் பற்றிய குறிப்புகளைத் தனியாகப் பிரித்தான். அதற்கு முன் வெறுங்கையோடு திரும்பிப் போனவர்களின் பஸ் செலவை யார் கொடுப்பது?

நண்பர்களே, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆசிரியர்கள் தினமும் காலையில் செய்கிற வேலைதான். வந்தவர்கள், வராதவர்கள், மொத்தம். வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராதவர்கள் 8, வந்தவர்கள் 31 என்று லீடர் எழுதிக்கொண்டு வந்தால் "மீதி 21 பேர் எங்கேடா?" என்று கேட்கமாட்டோமா? லைக் போட்டால் வரும் எண்ணிக்கை, நாட் லைக் போட்டால் வரும் எண்ணிக்கை, இரண்டையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் நடுவில் நல் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

தேடல் எதிர்பாராத பதிலைத் தரும்போது நான் பிள்ளைகளிடம் சொல்லும் முறையை இங்கேயும் வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

1. நீங்கள் அடித்ததைப் பார்க்காதீர்கள். தகவல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததைப் பாருங்கள். நடுவில் இருக்கும் நிரல் முன்னாலும் பின்னாலும் % சேர்த்திருக்கலாம், சேர்க்காமலும் விட்டிருக்கலாம். நீங்கள் அடித்த எழுத்தே குறியாக மாறியிருக்கலாம். உறுப்பினர் எண் 'அ_12' என்று அடித்தால் அந்த அடிக்கோடு "ஏதோ ஒரு எழுத்து" என்று ஆகி, அ-12, அ/12, அ512 எல்லாம் வரும். '10%' என்று அடித்தால் 100 ரூபாயும் 1000 ரூபாயும் வரும். குறியைக் குறியாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார் என்று சொல்ல 'எஸ்கேப்' முறை உண்டு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் போதும்.

2. கட்டாயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். அவரே கிடைக்கவில்லை என்றால் கோளாறு தேடலில், பட்டியலில் இல்லை.

3. சொல்லைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 'கோமதி' வரவில்லையா, '%மதி%' போடுங்கள். வந்துவிட்டதா? அப்படியானால் சிக்கல் 'கோ'வில் இருக்கிறது. மருத்துவர் வயிற்றை அமுக்கி "இங்கே வலிக்குதா, இங்கே வலிக்குதா" என்று கேட்பதில்லையா, அது மாதிரி.

4. நீளத்தைக் கேளுங்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்களுக்கு நீளம் வேறு வேறாக வந்தால் திருடன் அகப்பட்டான். நீளமும் ஒன்றாக இருந்தால் குறியீட்டு எண்களையே அச்சிட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயரில் சந்தேகம் வந்தால் கண்ணை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

5. கடைசியாக, மேலே சொன்ன கூட்டல் கணக்கு.

ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருக்கும் பட்டியல்களுக்கு இன்னொரு தொல்லை. போஸ்ட்கிரெஸில் லைக் போட்டால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. மைஎஸ்கியூஎல்லில் வழக்கமான அமைப்பில் இரண்டும் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிய மறுநாள் பாதிப் பெயர்கள் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். உச்சரிப்பை வைத்துத் தேட 'சவுண்டெக்ஸ்' இருக்கிறதே என்பார்கள். அது 1918-இல் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை. ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்தது. கயல்விழி என்ற பெயரில் ழகரத்தை 'இசட் எச்' என்று எழுதினால் அதற்கு 412 என்ற குறி வரும், 'எல்' என்று எழுதினால் 414 வரும். ஒரே பெண், ஒரே பெயர், இரண்டு எண். நம் ழகரத்துக்கு அவர் எங்கே போவார், பாவம்.

"சார், இப்பதான் எல்லாருக்கும் நம்பர் இருக்கே, நம்பர் போட்டுத் தேடினா போச்சு" என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். நம்பர் இருந்தால் நம்பரில் தேடுங்கள், அதுதான் சரி. ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும், தாத்தா பெயரில் இருக்கும் பழைய பத்திரத்திலும், சங்கத்தின் மஞ்சள் பூத்த லெட்ஜரிலும் எந்த நம்பர் இருக்கிறது? அங்கே இருப்பது பெயர் மட்டும். அந்தப் பெயரையும் வானவில்லிலோ பாமினியிலோ அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியிருப்பார்கள். நம்பர் இல்லாத காலத்தில் பிறந்தவர்களைத்தான் நாம் பெயரைக் கொண்டு தேட வேண்டியிருக்கிறது. அதனால் இந்தச் சிக்கலில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. "தேடலைத் தளர்த்தினால் தப்பான ஆளுக்குப் பணம் போய்விடும்." இதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தேடுவதையும் தீர்மானிப்பதையும் தனித்தனியாக வையுங்கள் என்கிறேன். தேடும்போது வலையை அகலமாக வீசுங்கள். கௌரியும் வரட்டும், கெளரியும் வரட்டும், இராஜேஸ்வரியும் வரட்டும், ராஜேஸ்வரியும் வரட்டும், லட்சுமியும் வரட்டும், லக்ஷ்மியும் வரட்டும். பணம் கொடுப்பதற்கு முன் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஊர், கையெழுத்து என்று இறுக்கிப் பிடியுங்கள். இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. வாசலிலேயே ஒரு கொம்புக்கும் காலுக்கும் ஆளைத் திருப்பி அனுப்புகிறோம்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. பெயர் கிடைக்கவில்லை என்றதும் அடுத்து என்ன சொல்கிறார்கள்? "பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுங்க." எழுபது வருடமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊரே கூப்பிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர். அதில் எந்தத் தப்பும் இல்லை. தப்பு இருப்பது தேடிய விதத்தில். ஆனால் திருத்த வேண்டியது பெயர் என்று சொல்கிறோம். அந்த மனிதரும் சரி என்று முத்திரைத்தாள் வாங்கப் போகிறார்.

ஆகவே நான் கேட்பது மூன்றுதான்.

மென்பொருள் செய்கிறவர்களே, தமிழ்ப் பெயரை உள்ளே வாங்கும்போதே இடைவெளியை வெட்டி, இயல்பாக்கி, ஔகாரத்தையும் ஸ்ரீயையும் சரிபார்த்து வையுங்கள். தேடும் சொல்லுக்கும் அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. செய்து முடித்ததும் கோமதி, கௌரி, ஸ்ரீதேவி என்ற மூன்று பெயர்களையும் எல்லா விதத்திலும் அடித்துச் சோதித்துவிட்டுக் கொடுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்களே, திரையில் "பதிவு இல்லை" என்று வருவதை "இந்தத் தேடலில் கிடைக்கவில்லை, வேறு விதமாகத் தேடிப் பாருங்கள்" என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வரிதான். அந்த ஒரு வரி, வாயிலிருந்து வரும் வாக்கியத்தையே மாற்றிவிடும்.

கணினி ஆசிரியர்களே, லைக் பாடம் நடத்தும்போது கிடைத்த பதிலை மட்டும் சோதிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். கிடைக்காததையும் சோதிக்கச் சொல்லுங்கள். வந்திருப்பவை சரியா என்று பார்ப்பது எளிது, அவை கண்முன்னால் இருக்கின்றன. வராமல் போனவர் யார் என்று கேட்பதுதான் கஷ்டம். திரையில் இல்லாதவருக்காகக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போவது நம் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான்.

உங்கள் பெயரோ வீட்டில் பெரியவர்கள் பெயரோ இப்படித் தேடலில் மாட்டிய அனுபவம் இருந்தால், எந்த எழுத்தில் மாட்டியது என்று மட்டும் கீழே எழுதுங்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பெயர்களைச் சேர்த்து ஒரு சோதனைப் பட்டியலாக்கி, மென்பொருள் துறையில் இருக்கும் என் பழைய பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவர்கள் இன்னும் நான் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.